.38 ரிவால்வரா, 9 எம்எம் பிஸ்டலா: ஸ்டேஷன் டியூட்டிக்கு எது?

பெல் ஆஃப் ஆர்ம்ஸுக்கு, அதாவது துப்பாக்கிகளை வைத்திருக்கிற அறைக்குப் போய் இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வசதி எல்லா சப்-இன்ஸ்பெக்டருக்கும் கிடைப்பதில்லை. இருப்பதைக் கொடுப்பார்கள், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவோம். எனக்கு ஒருமுறை .38 ரிவால்வரும் இருந்தது, 9 எம்எம் பிஸ்டலும் இருந்தது, எது வேண்டுமோ எடுத்துக்கோங்க என்றார் ஆர்மரர். நான் ரிவால்வரை எடுத்தேன். கூட நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு, "மியூசியத்துக்குப் போறதை எதுக்கு சார் இடுப்புல மாட்டுறீங்க" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். அன்றைக்கு நின்று விளக்க நேரமில்லை, இப்போது சொல்கிறேன். நான் ரிவால்வர் கட்சி. ஆனால் எல்லா வேலைக்கும் அதைச் சொல்ல மாட்டேன், அது கடைசியில் வரும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். ரிவால்வரின் சுழல்கிற சிலிண்டரில் 6 ரவுண்டு, அதாவது தோட்டா. பிரவுனிங் ஹை-பவரின் நம் நாட்டு வார்ப்பான, இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி தயாரிக்கிற 9 எம்எம் 1ஏ பிஸ்டலில் 13. கிளாக் 17-ல் 17. பிஸ்டலில் ரவுண்டுகளை அடுக்கி வைத்திருக்கிற மேகசினைத் தட்டி மாற்றுவது ஓரிரு விநாடி வேலை, ரிவால்வரில் ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டும், அதுவும் கை நடுங்குகிற நேரத்தில். அமெரிக்காவில் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அவர்களில் பலரிடம் இருந்தது ரிவால்வர், கையில் அடிபட்ட ஒருவரால் அதில் மறுபடி ரவுண்டு நிரப்பவே முடியவில்லை. அதற்கப்புறம்தான் அந்த நாட்டு போலீஸ் கூட்டம் கூட்டமாகப் பிஸ்டலுக்கு மாறியது. குண்டு வேகத்திலும் பழைய .38 ரொம்ப மெதுவானது, 9 எம்எம் கிட்டத்தட்ட இரு மடங்கு. சண்டை என்று வந்தால் பிஸ்டல்தான், இதில் வாதமே இல்லை.

ஆனால் ஸ்டேஷன் டியூட்டியில் இருக்கிற ஒரு எஸ்.ஐ. தன் சர்வீஸில் சண்டையில் சுடுவது எத்தனை தடவை? பெரும்பாலோர் ஒருதடவைகூடச் சுடாமல் ரிட்டயர் ஆகிறார்கள். துப்பாக்கியை வாங்குவது, திறந்து பார்ப்பது, நிரப்புவது, காலி செய்வது, அடுத்தவர் கையில் கொடுப்பது, இதெல்லாம்தான் வருஷம் முழுக்க நடக்கிறது. அதனால் என் கணக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்கு எப்போதாவது போகிற ஒருத்தர், தூக்கக் கலக்கத்தில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இந்தச் சாமான் காலியா இல்லையா என்று தப்பில்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

ரிவால்வரை எடுங்கள். எங்களிடம் இருந்தது வெப்லி மார்க் 4, மேலிருந்து ஒடித்துத் திறக்கிற வகை. சுத்தியலுக்கு இடப்பக்கம் இருக்கிற லாட்சை, அதாவது கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தி பேரலை, அதாவது குழலைக் கீழே சாய்த்தால், நடுவில் இருக்கிற நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு ரவுண்டையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கும். இடது உள்ளங்கையை அடியில் ஏந்தினால் ஆறும் கையில் விழும். விழுந்ததை எண்ணலாம். அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஆறு ஓட்டை, ஆறிலும் வெளிச்சம். ஐந்தில் வெளிச்சம் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முக்கியமாக, எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் செய்வதற்கு இருப்பதே ஒரு வேலை. ஒடித்த நிலையில் அது சுடவும் சுடாது. அப்படியே அடுத்தவரிடம் நீட்டினால் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுத்து வேலை பார்க்கிற ரைட்டருக்கும் அது தெரியும்.

பிஸ்டலில் வரிசை மாறினால் போச்சு. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகர்கிற மேல்பாகத்தை இழுக்க வேண்டும். சேம்பரில், அதாவது சுடத் தயாராக ரவுண்டு உட்காருகிற இடத்தில் இருந்த ரவுண்டு வெளியே தெறிக்கும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். இதையே மாற்றிச் செய்து பாருங்கள், அதாவது முதலில் ஸ்லைடு, அப்புறம் மேகசின். ஸ்லைடை இழுத்ததும் ஒரு ரவுண்டு தெறித்து மேஜையில் உருளும். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினில் இருந்து அடுத்த ரவுண்டு சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். கண்ணெதிரே கழற்றிய மேகசின், பக்கத்தில் தெறித்த ரவுண்டு, பார்க்கிற யாருக்கும் துப்பாக்கி காலி என்றுதான் தோன்றும். உள்ளே ஒன்று இருக்கிறது.

1ஏ-வில் இதற்கு மேல் ஒரு குழப்பம் உண்டு. மேகசின் இல்லாவிட்டால் அதன் ட்ரிக்கர் வேலை செய்யாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காலி செய்த பிறகு சுத்தியலை இறக்க வேண்டும் என்றால், காலி மேகசினை மறுபடி உள்ளே போட்டு ட்ரிக்கரை அழுத்த வேண்டும். ஆக, பத்திரமாக்குகிற முறையின் கடைசிப் படியே ட்ரிக்கரை அழுத்துவது. மேலே சொன்ன மாதிரி வரிசை மாறியிருந்தால் அந்தக் கடைசி அழுத்தலில் வெடிக்கும். கிளாக்கிலும் இதே கதை வேறு இடத்தில் வருகிறது: சுத்தம் செய்யப் பிரிப்பதற்கு ட்ரிக்கரை அழுத்தியாக வேண்டும், கையால் போடுகிற சேஃப்டி என்று தனியாக எதுவும் கிடையாது. 1ஏ-வில் சேஃப்டி இருக்கிறது, ஆனால் அந்த லீவர் சின்னது, வேர்த்த கட்டைவிரலுக்கு வழுக்கும்.

இதெல்லாம் தியரி என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 8 அன்று அலிகாரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். பாஸ்போர்ட் வேலையாக வந்த ஒரு பெண்மணி மேஜைக்கு எதிரே நிற்கிறார். கூட வேலை பார்க்கிற போலீஸ்காரர் ஒருவர் பிஸ்டலைக் கொண்டுவந்து சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்கிறார். அவர் அதைக் கையாளும்போது வெடித்து அந்த அம்மாவின் தலையில் பாய்கிறது. சில நாளில் இறந்துபோனார். சிசிடிவியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, சில விநாடிதான். சண்டை கிடையாது, பதற்றம் கிடையாது, கை மாறுகிற நேரம், அவ்வளவுதான். கொடுத்தவர் திறந்து காட்டவில்லை, வாங்கியவர் குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பவில்லை. சில ஆயுதக் கிடங்கு வாசல்களில் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று நிற்கும், குழலை அதற்குள் நீட்டி வைத்துத்தான் காலி செய்ய வேண்டும், வெடித்தாலும் மணலோடு போகும். நான் வேலை பார்த்த ஸ்டேஷன்களில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. வாஷிங்டன் நகரப் போலீஸ் 1980-களின் கடைசியில் ரிவால்வரை விட்டுவிட்டு கிளாக்குக்கு மாறியது. அதே நேரத்தில் ஏராளமான புது ஆட்களையும் எடுத்தார்கள், பயிற்சி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பத்து வருஷத்தில் கைதவறி வெடித்த சம்பவங்கள் 120-க்கும் மேல் என்று 1998-ல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. துப்பாக்கியில் குறை என்று நான் சொல்லவே மாட்டேன், கிளாக் மிக நல்ல சாமான். ஆனால் அது தன்னை வைத்திருப்பவரிடம் வருஷா வருஷம் பயிற்சியைக் கேட்கும். மெயின்டனன்ஸ் என்றால் எண்ணெய் போட்டுத் துடைப்பது என்று நாம் நினைக்கிறோம், பிஸ்டலுக்குப் பெரிய மெயின்டனன்ஸே அதைப் பிடிக்கிற ஆளுக்குத்தான். அந்தச் செலவைச் செய்ய முடியாத இடத்தில் பிஸ்டலை வாங்கிக் கொடுப்பது, பெட்ரோல் போட வழியில்லாதவருக்கு ஜீப் வாங்கிக் கொடுப்பது மாதிரி.

ரவுண்டு செலவில்லாமல் செய்கிற ட்ரை பிராக்டிஸிலும் ரிவால்வருக்குத்தான் என் ஓட்டு. காலி என்று உறுதி செய்துவிட்டு, ரவுண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ட்ரிக்கரை இழுக்க வேண்டும். நாணயம் விழக் கூடாது. ரிவால்வரில் சுத்தியலைத் தொடாமல் ட்ரிக்கரை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே போகலாம், நிஜமாகச் சுடும்போது விரல் செய்கிற வேலை அப்படியே அதுதான். 1ஏ-வில் ஒவ்வொரு தடவையும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், கிளாக்கில் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை இழுக்க வேண்டும், நாணயம் எங்கே நிற்கும்? பத்து தடவை செய்தால் சலித்துப் போகும், எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை, பழைய வெப்லியில் ரவுண்டைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி சுத்தியலோடு சேர்ந்தே இருக்கும், வெறும் சேம்பரில் விடாமல் அடித்தால் அது உடையலாம், ட்ரில் ரவுண்டு, அதாவது மருந்தில்லாத போலித் தோட்டா போட்டுச் செய்வதுதான் சரி.

இப்போது என் கட்சிக்கு எதிரான விஷயங்கள், மறைக்க முடியாது. ரிவால்வரின் நீண்ட, கனமான ட்ரிக்கர் சும்மா விரல் பட்டு வெடிக்காமல் காப்பாற்றுகிறது, ஆனால் அதே கனம் குறியையும் கெடுக்கிறது. நியூயார்க் போலீஸ் 1993-ல் 9 எம்எம் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியபோது, ரிவால்வர் கைப்பழக்கம் போகக் கூடாது, கைதவறி வெடிக்கவும் கூடாது என்று பிஸ்டல் ட்ரிக்கரையே சுமார் 5.5 கிலோ கனமாக்கி வைத்தது, கிளாக்கின் வழக்கமான ட்ரிக்கர் அதில் பாதிதான். 1998 முதல் 2006 வரையிலான அவர்களுடைய சம்பவங்களை ராண்ட் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2008-ல் அறிக்கை கொடுத்தது: எதிராளியும் திருப்பிச் சுட்ட நேரங்களில் போலீஸ் சுட்டதில் 18 விழுக்காடுதான் பட்டது, எதிராளி சுடாத நேரங்களில்கூட 30 விழுக்காடுதான். எல்லாப் பழியையும் ட்ரிக்கர் மேல் போட முடியாது, இருட்டு, ஓட்டம், பயம் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் இலகுவான ட்ரிக்கரைச் சோதித்துப் பாருங்கள் என்றுதான் அந்த அறிக்கையே சொன்னது. படாத குண்டு எங்கே போகும் என்பது சந்தைத் தெருவில் டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே நியூயார்க்கில் 2018-ல் கடைசி ரிவால்வர்களும் போய்விட்டன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பழைய ரிவால்வர் எல்லாமே பத்திரமானது என்று நினைக்க வேண்டாம். என்ஃபீல்டு நம்பர் 2 என்கிற பிரிட்டிஷ் ரிவால்வர் வகையில் போர்க்காலத்தில் 1942 வாக்கில் அவசரமாகத் தயாரித்தவற்றில் சுத்தியல் தடுப்பை எடுத்துவிட்டார்கள், நிரப்பிய நிலையில் கீழே விழுந்தால் வெடிக்கலாம். ட்ரிக்கரை இழுத்தும் ஒரு ரவுண்டு வெடிக்காமல் பிசகினால், பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து அதைத் தள்ளிவிடலாம், ரிவால்வரில் அடுத்து ட்ரிக்கரை இழுத்தால் போதும் என்பார்கள். மோதலில் சரி. ரேஞ்சில் அப்படிச் செய்யாதீர்கள். தாமதமாக வெடிக்கிற ரவுண்டாக இருந்தால், சிலிண்டர் சுற்றி அது பேரலுக்கு நேராக இல்லாதபோது வெடிக்கும், அரை நிமிஷம் குறிப்பலகைப் பக்கமே நீட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் முறை. கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டு ஆளைப் பிடிக்கப் போகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது, அப்படி வைத்தால் ட்ரிக்கர் லேசாகிவிடும், ரிவால்வரால் கிடைக்கிற நன்மை அங்கேயே போய்விடும்.

கிளாக்கை நான் ரேஞ்சில் சுட்டிருக்கிறேன், நாள் கணக்கில் இடுப்பில் சுமந்ததில்லை, அதனால் அதைப் பற்றிச் சொன்னதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை நோக்கிச் சுட வேண்டிய நிலைமையும் எனக்கு வந்ததில்லை. ஸ்பெஷல் டீம், கமாண்டோ, விஐபி பாதுகாப்பு என்று மாதா மாதம் ரேஞ்சுக்குப் போய் ரவுண்டு செலவழிக்கிறவர்கள் ரிவால்வரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம், அவர்களுக்குப் பிஸ்டல்தான். கோர்ட், பந்தோபஸ்து, பீட் என்று சுற்றிவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆனுவல் ஃபயரிங் மட்டும் முடித்துவிட்டு வருகிறவராக இருந்து, இரண்டும் கையில் வருகிற அதிர்ஷ்டமும் இருந்தால், லாட்ச் ஆடாத, சிலிண்டர் தளராத ரிவால்வராகப் பார்த்து எடுங்கள். பிஸ்டல்தான் கிடைத்தது என்றால், டியூட்டி முடிந்து ஒப்படைக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மேகசினைக் கழற்றுங்கள், கழற்றியதை எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் ஸ்லைடைத் தொடுங்கள்.