மதுரை அரவிந்த்ல குழந்தைங்க கண் பிரிவு, எங்க அனுபவம்

சின்னப் பிள்ளைக்கு கண்ணாடி போடணும்னா நேரா கடைக்குப் போகாதீங்க, மொதல்ல குழந்தைங்க கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. எம்பொண்ணு யுகேஜி படிக்குது, டிவி பாக்கும்போது தலைய ஒரு பக்கமா சாய்ச்சு பாக்கும், வேற ஒண்ணும் தெரியல. எங்க ஊர்ப்பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில சொட்டு மருந்தே விடாம மெஷின்ல பாத்து ஒரு பவர எழுதிக் குடுத்துட்டாங்க, அதப் போட்டா தலை வலிக்குதுன்னு பிள்ளை ஒரே அழுகை.

அப்புறம் அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், மாட்டுத்தாவணில எறங்கினா பக்கம்தான். 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 பெட்டோட ஆரம்பிச்சது, நம்ம ஆளுங்க பெருசுங்க கண்புரைக்குத்தான் அரவிந்துன்னு நினைக்கிறாங்க, ஆனா குழந்தைங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. அங்க மருந்து விட்டு உக்கார வச்சாங்க. ஏன்னு கேட்டதுக்கு பொறுமையா சொன்னாங்க, சின்னப் பிள்ளைங்க கண்ணு உள்ள லென்ஸ இறுக்கி இறுக்கி ஃபோகஸ் பண்ணிக்கிரும், அதனால உண்மையான பவர் சிக்காது, மருந்து விட்டா அந்தத் தசை தளர்ந்துரும்னு. அப்புறம் இருட்டு ரூம்ல ஒரு ஒளிக்கோட்ட கண்ல அடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி, முன்னாடி லென்ஸ மாத்தி மாத்திப் பிடிச்சு பாத்தாங்க. பிள்ளை ஒரு எழுத்து கூட சொல்ல வேண்டியதில்ல!

வலது கண்ணு நல்லா இருக்கு, இடது கண்ல பிளஸ் பவர் அதிகம், சோம்பேறிக் கண்ணுன்னு சொன்னாங்க. மங்கலாத் தெரியுற கண்ண மூளை ஒதுக்கிட்டு நல்ல கண்ண வச்சே சமாளிச்சிரும், அதான் பிள்ளைக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. ஏழெட்டு வயசுக்குள்ள கண்டுபிடிச்சா பலன் ரொம்ப அதிகமாம். இப்ப கண்ணாடியும் போட்டு, நல்ல கண்ண பேட்ச் ஒட்டி தினமும் 2 மணி நேரம் மூடுறோம், அந்த நேரத்துல அப்பத்தா கூட உக்காந்து பாசி கோக்கும். மொதல்ல ஊசி ஓட்டையத் தாண்டி எங்கயோ குத்திட்டிருந்துச்சு, இப்ப சின்னப் பாசியக் கூட டக்குனு கோத்துருது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு சொல்லி யாரும் விட்டுராதீங்க, அதுலயும் இதே மாதிரி பார்வை போகும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோல கண்ணுக்குள்ள வெள்ளையா தெரிஞ்சா ஒருநாள் கூட தள்ளிப் போடாதீங்க, கண்ணுக்குள்ள புத்துநோய்க் கட்டியாகூட இருக்கலாம்.

போறவங்க காலைலயே போயிருங்க, மருந்து வேல செய்ய நேரம் ஆகும், அரை நாளுக்கு மேலயே போகும். பிள்ளைக்கு சாப்பாடும் தொப்பியும் எடுத்துட்டுப் போங்க, திரும்பி வரும்போது வெயில் கண்ணு கூசும், அன்னைக்கு ஹோம்வொர்க் எழுதச் சொல்லாதீங்க, கிட்டத்துல சரியாத் தெரியாது. கண்ணாடி ஃபிரேமுக்கு பின்னாடி பட்டை வச்சு வாங்குங்க, ஓடி ஆடுற பிள்ளைக்கு கழண்டு விழாது.