ஈஸ்டர் வாரத்தில் ஜோகன்னஸ்பர்க்–டர்பன் மலிவுப் பேருந்துச் சீட்டு வாங்குவோர் கவனத்திற்கு

பெரிய வெள்ளியன்று டர்பன் அருகே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஜோகன்னஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் ஆண்டுதோறும் வியாழன் இரவுப் பேருந்தில் இடம் தேடுகிறார்கள். அந்த ஓர் இரவின் நெருக்கடியை வைத்தே சில சீட்டு விற்பனையாளர்கள் காசு பார்க்கிறார்கள். சென்ற ஈஸ்டருக்கு அப்படி ஒரு நிறுவனத்திடம் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை, அடுத்தவர் யாரும் படக்கூடாது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் பளபளப்பான இரண்டடுக்குப் பேருந்தின் படம் இருந்தது. கட்டணமோ பெரிய நிறுவனங்கள் கேட்டதில் ஏறக்குறையப் பாதி. பணம் அனுப்பியதும் இருக்கை எண்களோடு சீட்டும் வந்துவிட்டது.

பார்க் ஸ்டேஷனில் எங்களுக்காக நின்றது டாக்சியாக ஓடும் ஒரு சிறிய வேன். அதைச் சுற்றி, அதில் ஏற்ற முடிந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர் கையில் சீட்டோடு நின்றார்கள். நிறுவனத்தின் ஆள் வைத்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதி, அடித்து, அதன்மேல் இன்னொரு பெயரை எழுதி, ஓரத்தில் மூன்றாவது பெயரையும் இடுக்கியிருந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வயதான ஆயா ஒருவர் தம் சீட்டை நீட்டி, "தம்பி, எனக்கும் பதினாலுதான் போட்டிருக்கு, பாரு" என்றார். என் மனைவியின் சீட்டிலும் அதே எண்தான் இருந்தது.

கேட்டதற்கு, இந்த விலைக்கு இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று அந்த ஆள் சொன்னார். ஆனால் பெட்டிக்கென்று தனியாக ரொக்கம் கொடுத்தவர்கள் முதலில் ஏற்றப்பட்டதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தோம். ஆயாவை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவருக்கும் சேர்த்துக் கொடுத்து ஏறினோம். நள்ளிரவுக்குப் பிறகு, பாதி வழியில், ஹாரிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றது. தனக்குப் பேசிய வாடகை இதுவரைக்கும்தான் என்றும், பின்னால் பெரிய பேருந்து வருகிறது என்றும் சொல்லிவிட்டு ஓட்டுநர் திரும்பிப் போய்விட்டார். பேருந்து எதுவும் வரவில்லை. சீட்டில் இருந்த தொலைபேசி எண்ணும் அணைக்கப்பட்டிருந்தது. மலையை ஒட்டிய உயரமான ஊர் என்பதால் ஏப்ரலிலேயே அங்கே இரவுக் குளிர் கடுமையாக இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் பேருந்தில் காலியாக இருந்த இரண்டு இடங்களில் ஆயாவையும் என் மனைவியையும் ஏற்றிவிட முடிந்தது. நான் காலையில் ஒரு டாக்சியில் ஏறி, அது நிரம்பும் வரை காத்திருந்து டர்பன் போய்ச் சேர்ந்தேன்.

அந்த இரண்டு இடங்கள் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். 2024 செப்டம்பரில் இதே வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, N3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, ஏராளமான வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்ததே, அதையும் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஒரே இருக்கையை மூவருக்கு விற்பது தெரிந்தே செய்த வியாபாரம். இந்த வேறுபாட்டைத் தென்னாப்பிரிக்கச் சட்டமும் தெளிவாக வைத்திருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, இருப்பதற்கு மேல் விற்றுவிட்டு, வாக்களித்த சேவையைத் தர முடியாமல் போனால், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதனால் பயணிக்கு நேரடியாக ஏற்பட்ட செலவையும் ஈடுகட்ட வேண்டும். பற்றாக்குறை தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வந்தது என்றும், அதை முடிந்தவரை விரைவாகப் பயணிக்குத் தெரிவிக்க முயன்றதாகவும் காட்டினால் செலவு ஈட்டிலிருந்து நிறுவனம் தப்ப முடியும். எங்களுக்கு அப்படி ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

ஆகவே, நிறுவனத்தின் பதிவுப் பெயரும் முகவரியும் இல்லாத சீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். தனி ஆளின் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டி மாறியிருந்தால் ஏறுவதற்கு முன்பே அதன் எண் பலகையையும் உங்கள் சீட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள். பெட்டிக்கு ரொக்கம் கேட்டால் ரசீது கேளுங்கள். மறுத்தால் மறுத்த நேரத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள். வழியில் இறக்கிவிடப்பட்டால், மாற்று வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவுச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். ஆயாவின் சீட்டையும் அவர் சம்மதத்தோடு இணைத்திருக்கிறோம்.

அதே இரண்டடுக்குப் பேருந்தின் படம், வேறு பெயரிலும் வேறு தொலைபேசி எண்ணிலும், டிசம்பர் விடுமுறைப் பயணத்துக்காக இந்த வாரம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.