பாரிஸ் போய்ச் சேராத மோனா: 'எ வேம்பயர் ஸ்டோரி'யோடு 15 வருடம்

2009 கோடை லீவில் ஷார்ஜாவிலிருந்து வந்த மாமா பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் அம்மாவான அம்மிச்சிக்கு மூட்டுவலித் தைலம், அம்மாவுக்குப் பால்பவுடர் டின், எனக்கு ஒரு கேம் டிவிடி. 'எ வேம்பயர் ஸ்டோரி'. அதற்கு முந்தின டிசம்பரில்தான் வெளிவந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று தடவை முழுதாக ஆடி முடித்திருக்கிறேன். 2009ல் ஒருமுறை, 2015ல் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தபோது ஒருமுறை, கடைசியாகப் போன வருடம் மே மாதம் அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை. ஒரு விளையாட்டின்மேல் இவ்வளவு பிரியமும் இவ்வளவு கோபமும் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890களில் நடக்கிறது. மோனா டி லஃபிட் என்ற பிரெஞ்சுப் பெண் ஆப்பரா என்ற இசை நாடகத்துக்குப் பாட்டுக் கற்றுக்கொள்கிறவள். ஷ்ரௌடி வான் கீஃபர் என்ற பிரபு அவளைக் கடித்து ரத்தக்காட்டேரியாக்கி, டிராக்சில்வேனியா என்ற கற்பனை நாட்டில் இருக்கும் தன் கோட்டைக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுகிறான். ஒருநாள் அவன் சாகிறான். மோனாவுக்கு விடுதலை. ஃப்ரோடெரிக் என்ற வௌவாலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பி மேடையேற வேண்டும் என்று கிளம்புகிறாள்.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் மூளையாக இருந்தவர் பில் டில்லர். 1997ல் வந்த 'தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டின் பின்னணி ஓவியங்களிலும் அவர் கைவண்ணம் உண்டு. இங்கே ஒவ்வொரு அறையும் நின்று பார்க்க வேண்டிய ஓவியம். கோணலாகச் சாய்ந்த கோபுரங்கள், கூர்ந்த வளைவு ஜன்னல்கள், நீலமும் ஊதாவும் கலந்த இருட்டு, அதன் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் மஞ்சளாக. கதாபாத்திரங்கள் முப்பரிமாணம், பின்னணி வரைந்த படம். இரண்டும் ஒட்டாமல் போகிற விளையாட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் பெரும்பாலும் ஒட்டுகிறது. பெத்ரோ மசேதோ கமாச்சோ போட்ட இசையும் அப்படித்தான், காட்சியை அழுத்தாமல் பின்னாலேயே வருகிறது.

விளையாடும் முறை பழைய பாயிண்ட் அண்ட் கிளிக்தான். ஒரு பொருள்மேல் மவுஸை அழுத்தினால் பார்க்க, எடுக்க, பேச, காட்டேரித் திறமையைக் காட்ட என்று சின்னங்கள் விரியும். இதில் ஒரே ஒரு புதுமை உண்டு, அதை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். இந்த வகை விளையாட்டுகளில் நாயகன் ஏணியைக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். மோனா அப்படிச் செய்ய மாட்டாள். கனமான பொருள் என்றால் எடுக்காமல், "இது இங்கே இருக்கிறது" என்று நினைவில் மட்டும் குறித்துக்கொள்வாள். பையில் அது ஓர் யோசனையாக உட்கார்ந்திருக்கும். தேவைப்படும் இடத்தில் அதைப் பயன்படுத்தினால், வௌவாலாக மாறிப் பறந்துபோய் எடுத்து வருவாள். எங்கள் வீட்டில் அம்மிச்சி வேலை செய்வதும் இப்படித்தான் இருந்தது. கடப்பாரை எந்தத் தென்னையடியில் கிடக்கிறது, அண்டா யார் வீட்டுக்குப் போயிருக்கிறது, எல்லாம் தலைக்குள் இருக்கும். வேண்டும்போது ஆள் அனுப்புவார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பொதுவாக எல்லோரும் சொன்ன குறை நடை. ஒரே அறைகளுக்குள் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். மோனா அவசரப்படவே மாட்டாள். பறக்கத் தெரிந்தவளை இப்படி நடக்க விடுவது எனக்கும் எரிச்சல்தான். முதல் தடவை ஆடும்போது ஒருநாள் சாயங்காலம் முழுக்கக் கோட்டைக்குள் மேலும் கீழுமாக அலைந்தேன். விடை கிடைத்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது, சேவ் செய்திருக்கவில்லை. மறுநாள் அதே படிகள், அதே நடை. மூன்றாவது தடவை எங்கே என்ன இருக்கிறதென்று எனக்கு மனப்பாடம், ஆனாலும் நடை குறையவில்லை.

இன்னொன்று பேச்சு. எதைத் தொட்டாலும் மோனாவும் வௌவாலும் நாலு வரி பேசுகிறார்கள். பாதிக்குமேல் ஆங்கிலச் சொல் விளையாட்டு. எழுத்தாகவும் கீழே ஓடுவதால் எனக்குப் புரிந்தது, ஆனால் சிரிப்பு வர நேரமானது. 2015ல் இன்னும் நன்றாகப் புரிந்தது, சிரிப்பு இன்னும் குறைந்தது. ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு அதையே விளக்குகிற இடங்களைக் கத்தரித்திருந்தால் விளையாட்டு எவ்வளவோ கச்சிதமாக இருந்திருக்கும். மோனாவின் குரலையும் பலர் குறை சொன்னார்கள், கொஞ்சலாக இருக்கிறது, காதில் குத்துகிறது என்று. அதில் மட்டும் நான் அவர்களோடு சேர மாட்டேன். தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பெண்ணின் குரல் அப்படித்தான் இருக்கும்.

எனக்குள்ள பெரிய குறையும் அங்கேதான் தொடங்குகிறது. மோனா தன்னைக் காட்டேரி என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். பிரபு கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் உயர்ந்த ரகச் சிவப்பு ஒயின் என்றுதான் சாதிப்பாள். அண்ணன் மகளுக்குப் பதினோரு வயது. அந்த இடம் வந்ததும் திரையைவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அது ரத்தம்னு அவளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் கண்ணு. ஒத்துக்க மாட்டேங்கறா."

"அப்ப எப்பத்தான் ஒத்துக்குவா?"

அந்தக் கேள்விக்கு விளையாட்டில் பதில் இல்லை. நாங்கள் இருப்பது கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் குடிக்கிற பெண் யாரென்று விளையாட்டு வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மிச்சி சொன்ன யட்சி ஏழிலைப்பாலை மரத்தில் இருப்பாள். ராத்திரி தனியாக வருகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். அவன் கண்ணுக்கு ஒரு மாளிகை தெரியும், உள்ளே போவான். விடிந்து பார்த்தால் மாளிகை இல்லை, பனைமரத்தடியில் அவனுடைய நகமும் முடியும்தான் கிடக்கும். மலம்புழைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969ல் செய்து முடித்த யட்சி சிலை இருக்கிறதே, 30 அடி உயரம், கால்களை அகட்டி உட்கார்ந்திருப்பாள். யார் பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை. தமிழ்நாட்டுக் கதையில் வரும் பழையனூர் நீலியும் அப்படித்தான், பொய்யாக அழுதாள், ஆனால் தான் யாரென்று அவளுக்குத் தெரியும்.

மோனா அவர்களுக்கு நேர் எதிர். அதனால்தான் அவள் எனக்குப் புதிதாக இருந்தாள். காட்டேரியாக இருக்க மறுக்கிற காட்டேரி என்பது எவ்வளவு பெரிய கதை! பாரிஸில் மேடையேறினால் பகல் ஒத்திகைக்கு எப்படிப் போவாள்? முன்வரிசையில் இருப்பவர்களின் கழுத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒயின் என்று சொல்லிச் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவாள்? முதல் மணிநேரத்திலேயே இந்தக் கேள்விகளெல்லாம் விதைத்தாகிவிட்டது. அப்புறம் அதற்குத் தண்ணீர் விடவே இல்லை. அவளுடைய மறுப்பை எடுத்து ஒவ்வொரு அறையிலும் சிரிப்புக்குச் செலவு செய்தார்கள். கோட்டையும் கல்லறையும் இவ்வளவு அழகாக வரைந்துவிட்டு, ஒரு இடத்தில்கூட பயமோ துக்கமோ உறைக்கவில்லை என்றால் அந்த இருட்டெல்லாம் எதற்கு?

அப்புறம் முடிவு. முடிவு என்று சொல்லக்கூடாது, நின்றுபோன இடம். கோட்டையைவிட்டு வெளியே வந்து, ஊருக்குள் வேலைகளை முடித்து, இனிமேல்தான் பயணம் என்று நிமிர்ந்து உட்காரும்போது தொடரும் என்று நிறுத்திவிடுகிறார்கள். மோனா பாரிஸ் போய்ச் சேரவில்லை. 2009ல் எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் நம்பிக்கையும் இருந்தது, இரண்டாம் பாகம் அறிவித்திருந்தார்களே என்று. அதே வருடம் அந்தக் குழு பேய்க் கடற்கொள்ளையர்களைப் பற்றிய 'கோஸ்ட் பைரேட்ஸ் ஆஃப் வூஜு ஐலண்ட்' என்ற வேறொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. மோனாவின் இரண்டாம் பாகம் வரவில்லை. முன்கதையை எடுப்பதற்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. சின்னக் குழுக்களுக்குப் பணம் எவ்வளவு பெரிய கஷ்டம் என்று தெரிகிறது. இருந்தாலும், அடுத்த பாகம் கையில் இல்லாதபோது முதல் பாகத்தையாவது முழுதாக முடித்திருக்க வேண்டும். கோட்டையிலேயே கதையை நிறுத்தி, மோனாவை ஒரு நிமிடம் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, காட்டேரி என்பதால் அங்கே தன் உருவம் தெரியாததை அவள் பார்த்து, அது என்னவென்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்குப் போதும். பாரிஸே வேண்டாம்.

இன்றைக்கு வாங்கலாமா என்று கேட்டால், படம் வரைகிற பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். புதிர்கள் நியாயமானவை, அந்த யோசனைப் பையை மட்டும் முதல் நாளே விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தடுமாறுவார்கள். கதைக்காக ஆடுகிறவர்களிடம், இது பாதிக் கதை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் அண்ணன் மகளிடம் சொல்லவில்லை. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடியபோது, இன்னும் ஏதாவது வரும் என்று அவள் பெயர்கள் தீரும்வரை மவுஸை விடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது.

பழைய லேப்டாப் போய்விட்டதால் டிவிடியைப் போட வெளியே செருகுகிற டிரைவ் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. டிரைவும் டிவிடியும் இப்போது அவளிடம்தான் இருக்கின்றன. கோட்டை அறைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்து நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே, கோபுரத்துக்குப் பக்கத்தில், இரண்டு பனைமரம் போட்டிருந்தாள்.