முறிந்த காறை எலும்போடு ஐந்து வாரங்கள்: வாகூ கிக்கர் கோர் டிரெய்னர்

சென்ற பிப்ரவரியில் கோவையின் புறநகர்ச் சாலையொன்றில் நடந்த சைக்கிள் ரோடு ரேஸில், முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்து இடது காறை எலும்பை (காலர் போன்) முறித்துக்கொண்டேன். அறுவை முடிந்து தையல் பிரித்த பிறகு ஐந்து வாரங்கள் நான் மிதித்ததெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் வாகூ கிக்கர் கோர் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் கருவியில், பூட்டப்பட்டு நின்ற சைக்கிளைத்தான். இந்தக் கருவியைப் பற்றிய மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு கைகளும் நன்றாக இருப்பவர்கள், மழைக்காலத்தில் பயிற்சி விட்டுப்போகாமல் இருப்பதற்காக வாங்கிப் பார்த்து எழுதியவை. ஒரு கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) கட்டிக்கொண்டு ஏறி உட்காருகிறவருக்கு வேண்டிய விவரங்கள் வேறு என்பதால் இதை எழுதுகிறேன்.

விழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் சென்றவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் என் முன்சக்கரம் சற்றே முந்தியிருந்தது. அவர் ஒரு குழிக்காக இடப்பக்கம் விலகியபோது இரண்டு சக்கரங்களும் உரசின. இப்படி உரசும்போது முன்னால் இருப்பவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். திசையைத் தாங்கும் சக்கரம் பறிபோவதால் பின்னால் இருப்பவர்தான் விழுவார். கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் தோள்பட்டை நேரே தார்ச்சாலையில் மோதியது. தோளில் விழுந்த அடி மார்பெலும்புக்குப் போகும் வழியில் மெலிந்து வளைந்திருக்கும் ஒரே எலும்பு காறை எலும்பு. அதன் நடுப்பகுதியே மிக அதிகமாக முறியும் இடம், எனக்கும் அங்கேதான் முறிந்தது. முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் பிளேட் வைத்துத் திருகாணிகளால் இறுக்கினார்கள். ஹெல்மெட்டின் உட்புற நுரை இடப்பக்கத்தில் மயிரிழை அளவுக்குக் கீறியிருந்தது. வெளியோட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த நுரை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காப்பாற்றாது.

எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்தக் காலத்தில் கால்களும் நுரையீரலும் சும்மா இருப்பதில்லை, தேய்கின்றன. 1966ஆம் ஆண்டு டாலஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நான் படுத்தே கிடக்கவில்லை என்றாலும் அந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் மேத்யூ ஹேமன் என்ற சைக்கிள் பந்தய வீரரின் நினைவு. 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் ஓம்லூப் ஹெட் நியூஸ்ப்ளாட் பந்தயத்தில் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்ட அந்த ஆஸ்திரேலியர், வீட்டு கராஜில் டிரெய்னரில் பயிற்சி செய்து, ஏப்ரல் 10ஆம் தேதி பாரிஸ்–ரூபே பந்தயத்தில் டாம் பூனனைக் கடைசி ஓட்டத்தில் வென்றார். அவருக்கு அப்போது வயது 37. அவர் அளவுக்கு உழைக்கும் உடலோ, உடன் இருந்து கவனிக்கும் மருத்துவக் குழுவோ நம் யாருக்கும் இல்லை. ஆனால் கை முறிந்தவரின் கால்களுக்கு வேலை கொடுக்க முடியும், அதற்குச் சாலை வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அறுவை செய்த மருத்துவர், தையல் பிரித்த பிறகு, கை தொட்டிலிலேயே இருக்க வேண்டும், வியர்வை காயத்தில் இறங்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதித்தார். அவர் சொல்லும் நாளுக்கு முன்பே யாரும் ஏற வேண்டாம்.

இனிக் கருவிக்கு வருவோம். என்னிடம் இருப்பது 2018இல் வெளிவந்த முதல் மாடல். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேரடியாக டிரெய்னரின் கேசட்டில் (பற்சக்கரத் தொகுப்பில்) மாட்டும் வகை இது. எடை 18 கிலோ. உள்ளே சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் மட்டும் 5.4 கிலோ. அதிகபட்சம் 1800 வாட் வரை தாங்கும், 16 சதவீத ஏற்றச் சாலையின் கனம் வரை காட்டும் என்கிறது நிறுவனம். இந்தப் பெரிய எண்களால் நோயாளிக்குப் பயன் எதுவும் இல்லை. 70 வாட்டில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அதில் அது மிக நன்றாக நடந்துகொண்டது.

ஒற்றைக் கையால் இதைப் பொருத்த முடியாது. அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். டிரெய்னரைத் தூக்குவது, பின்சக்கரத்தை உருவுவது, செயினைக் கேசட்டில் உட்காரவைத்து அச்சை இறுக்குவது எல்லாமே என் தம்பி செய்தது. என் மாடலோடு கேசட் வரவில்லை. தனியாக வாங்கி, அதற்குரிய கருவியால் மாட்ட வேண்டியிருந்தது. பொருத்திய பிறகு ஐந்து வாரமும் சைக்கிளை இறக்கவே இல்லை, அப்படி வைத்திருக்க வீட்டில் இடமும் வேண்டும்.

டிரெய்னரின் அச்சு சாதாரண ரோடு சக்கரத்தின் உயரத்திலேயே இருப்பதால் முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை எதுவும் தேவையில்லை. இருந்தாலும் நான் இரண்டு செங்கற்களைப் படுக்கையாக வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றினேன். ஹேண்டில்பார் உயர்ந்ததும் உடல் நிமிர்ந்தது, வலது கையில் விழும் பாரம் குறைந்தது, முறிந்த தோள் முன்னால் தொங்காமல் இருந்தது. சீட்டின் மூக்கை மட்டும் அதற்கேற்பச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருந்தது. ஏறுவதற்கு வலப்பக்கத்தில் ஒரு முக்காலி. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவை முதல் நாளுக்குப் பிறகு இரண்டு வாரம் தொடவே இல்லை. அதைப் பெடலிலிருந்து விடுவிக்கக் குதிகாலைத் திருகும்போது இடுப்பும் முதுகும் சேர்ந்து திரும்பி, வலி நேரே காறை எலும்பில் போய்ச் சுருக்கென்று குத்தும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். சாதாரணப் பெடலும் தட்டையான ஷூவும் போதும்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் எர்க் மோட். கைப்பேசியில் 90 வாட் என்று வைத்துவிட்டால், எந்தக் கியரில் மிதித்தாலும் அது 90 வாட்டிலேயே நிற்கும். சாலையில் ஒரு சின்ன மேடோ எதிர்காற்றோ வந்தால் நம்மையறியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்போம். இங்கே அந்த இழுப்புக்கு இடமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட் மாறாமல் இருக்க, மிதிக்கும் வேகம் குறையக் குறைய ஒவ்வொரு மிதியும் கனமாகும். 150 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் மிதித்தால் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) சுமார் 16 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே 150 வாட் 60 சுற்றுக்கு இறங்கினால் சுமார் 24. களைத்துப்போய் வேகம் தளர்ந்தால் கருவி இன்னும் இறுக்கும், அதனால் வேகம் இன்னும் தளரும், கடைசியில் உடல் முழுவதையும் முறுக்கி மிதிக்க வேண்டிவரும். தோள் தாங்காத வேலை அதுதான். ஆகவே 85 சுற்றுக்குக் கீழே இறங்கினால் உடனே வாட்டைக் குறைத்துவிடுவது என்று விதி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் 70 முதல் 90 வாட், இருபது நிமிடம், அவ்வளவே.

மூன்றாவது வாரத்தில் செய்த தவறையும் சொல்ல வேண்டும். கால்கள் தெளிந்துவிட்டதால் 200 வாட்டில் நான்கு நிமிட இடைவெளிப் பயிற்சிகளைத் தொடங்கினேன். மூச்சு வாங்கும்போது தோள்கள் தாமாக ஏறி இறங்கும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அன்றிரவு இடது பக்கம் தூங்கவிடாமல் வலித்தது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "காலு ரெடியாயிருச்சுன்னு எலும்புக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டது சரிதான். கருவி காட்டும் எண்கள் கால்களைப் பற்றியவை மட்டுமே; எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் காட்டும். அடுத்த எக்ஸ்ரே வரும்வரை 140 வாட்டைத் தாண்டவில்லை.

வியர்வையைப் பற்றி மருத்துவர் எச்சரித்தது வீண்போகவில்லை. எதிர்காற்று இல்லாத அறையில் பத்து நிமிடத்திலேயே வியர்வை வழியத் தொடங்கும். இடுப்பிலும் முழங்கையிலும் தார்ச்சாலைச் சிராய்ப்புகள் ஆறாமல் இருந்ததால் அந்த உப்பு எரிந்தது. மேசை மின்விசிறிகள் இரண்டு, ஒன்று முகத்துக்கும் ஒன்று மார்புக்கும், இல்லாமல் இதில் ஏற வேண்டாம். கழுத்தில் ஒரு துண்டும் ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டும் போட்டேன். இல்லாவிட்டால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் போல்ட்டுகள் துருப்பிடித்துவிடும்.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. இந்த டிரெய்னரின் எதிர்ப்பு மின்காந்தத்தால் வருகிறது. கரண்ட் போனால் எதிர்ப்பும் போய்விடும். 120 வாட்டில் மிதித்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் கால்கள் வெறுமையில் சுழல, உடல் முன்னால் குலுங்கும். நல்ல உடம்புக்கு அது ஒன்றுமில்லை, தைத்த தோளுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒருமுறை பட்ட பிறகு பிளக்கை வீட்டு இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றிவிட்டேன். சத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. மின்விசிறியின் இரைச்சலில் அது அடங்கிவிடுகிறது.

இது கொடுக்காதவையும் உண்டு. சைக்கிள் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் சமநிலைக்கு வேலையில்லை, தோளுக்கும் இடுப்புக்கும் சாலையில் கிடைக்கும் சிறுசிறு அசைவுகள் கிடைப்பதில்லை. தோளின் அசைவு மீண்டது பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகளால்தான்: குனிந்து நின்று கையை ஊஞ்சல் போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் அங்குலம் அங்குலமாக ஏறுவது. டிரெய்னர் இருக்கிறதே என்று அவற்றை விட்டவர்கள் இறுகிய தோளோடுதான் சாலைக்குத் திரும்புவார்கள். பயமும் முன்னறையில் போகாது. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு சிறுவாணி சாலையில் முதன்முறையாக மூன்று பேரோடு ஓட்டினேன். கால்களில் குறையே இல்லை. ஆனால் முன்னால் சென்ற நண்பரின் பின்சக்கரத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு உள்ளே என்னால் போக முடியவில்லை. பிரேக் லீவரின் மேலிருந்து இரண்டு விரல்களும் எழவே இல்லை. அந்த இரண்டு மீட்டர் ஒன்றாகக் குறைய மேலும் ஒரு மாதம் ஆனது. அதை வாரம் தவறாமல், பழக்கமான ஒருவரின் பின்னால், சாலையில்தான் குறைக்க முடிந்தது.

தொடக்கநிலை ரோடு பைக் ஒன்றின் விலைக்கு அருகில் வரும் இந்தக் கருவியை, காயத்துக்காக மட்டும் புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்திலும் பயன்படுத்துவீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் சைக்கிள் நண்பர்களிடம் இரண்டு மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒருவர் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருக்கும். எளிய, பின்சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகை டிரெய்னரும் கால்களுக்கு உதவும். ஆனால் வாட்டைச் சரியாகப் பிடித்து நிறுத்தும் வசதி அதில் இல்லாததால் முதல் மூன்று வாரத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

எங்கள் குழுவில் ஒருவர் சென்ற மாதம் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டிரெய்னர் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. கூடவே முக்காலியையும் பலகையையும் அந்த இரண்டு செங்கற்களையும் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.