பழைய வி8-க்கு ரோலர் டேப்பட் கிட்: மாட்டி ஓட்டிய பிறகு

என் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினில் ஒரு சிலிண்டரில் மட்டும் விடாமல் டிக் டிக் சத்தம். டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) வைத்தால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் மற்ற லோப்களைவிட (மேடுகளைவிட) அந்த ஒன்று 1.5 மி.மீ. குறைவாக ஏறியது. லோப் மேல் உட்கார்ந்து அதன் ஏற்றத்தை வால்வு பக்கம் கடத்தும் டேப்பட்டை உருவினேன். அது பழைய தட்டை வகை. அதன் அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். அப்போதுதான் லோப் மேல் சுழன்றபடியே ஒரே இடத்தில் தேயாமல் ஓடும். என் கையில் இருந்ததோ கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

அதனால்தான் ரோலர் கேமும் 16 ஹைட்ராலிக் ரோலர் டேப்பட்டும் கொண்ட இந்த கிட்டை வாங்கினேன். அடியில் ஊசி பேரிங்கில் ஓடும் உருளை இருப்பதால் லோபை இது தேய்ப்பதில்லை, அதன் மேல் உருள்கிறது. லோபின் ஏற்றத்தையும் செங்குத்தாக வைக்கலாம். வால்வு சட்டென்று திறந்து, கூடுதல் நேரம் நன்றாகத் திறந்திருக்கும். புது தட்டை டேப்பட் கேம் போட்டால் முதல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காமல் ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். இதில் அந்த வயிற்றுக் கலக்கமே இல்லை.

மாட்டும் முன் ஒவ்வொரு உருளையையும் விரலால் சுற்றிப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒன்று கரகரத்தது. அந்த ஊசிகள் கழன்று விழுந்தால் இன்ஜினே காலி. திருப்பி அனுப்பினேன், இரண்டு டேப்பட்டைச் சேர்க்கும் இணைப்புப் பட்டையோடு ஜோடியாகவே மாற்றித் தந்தார்கள். உருளை லோபுக்கு நேராகவே நிற்க வேண்டும், டேப்பட் திரும்பிவிடக் கூடாது. அதைத் திரும்பாமல் பிடிப்பது அந்தப் பட்டைதான்.

என் பெரிய குறை, கூட வந்த தாள். ரோலர் டேப்பட் உயரம் அதிகம், டேப்பட்டின் அசைவை மேலே வால்வு பக்கம் தள்ளும் பழைய புஷ் ராடு சேராது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நீளம் மாற்றக்கூடிய அளவு ராடு வைத்து நானே அளந்து, குட்டையானவை வாங்கினேன். தட்டை கேமின் லோப்கள் சற்றே சாய்வாக இருப்பதால் கேம் தானாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டு நிற்கும். ரோலர் லோபில் அந்தச் சாய்வு கிடையாது, கேம் முன்னால் நகரும். அதைத் தடுக்கும் த்ரஸ்ட் பட்டன் பெட்டியிலேயே இல்லை! இரும்பு கேமுக்குப் பதில் எஃகு கேம் வருவதால் கேமால் சுழன்று ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் கியரும் அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

9000 கி.மீ. ஓடிவிட்டது. போன வாரம் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். உருளை ஓடிய தடம் கண்ணாடி போல மின்னியது; எட்டிய லோப்களில் நகத்தை ஓட்டினேன், எங்கும் சிக்கவில்லை.