பாதாமியா, ஹம்பியா? நண்பர்களோடு பாறையேறக் கிளம்பும் முன்

நவம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரில் பாறையேறும் நண்பர் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். வெள்ளி இரவு கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸைப் பிடித்துப் பாதாமி போவதா, ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறி ஹொசப்பேட்டையில் இறங்குவதா? பாதாமி சுமார் 450 கிலோமீட்டர், ஹம்பி சுமார் 350. இரண்டுமே இரவு ரயில், தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தால் பெரும்பாலும் ஹம்பிதான் ஜெயிக்கும். ஆறு, பரிசல், மண்டபங்கள் என்று பாறை ஏறாதவருக்கும் அங்கே ஏதாவது இருக்கிறது. ஆனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பெலே பண்ணத் தெரியும்?

ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே நின்று கட்டுப்படுத்துவதுதான் பெலே. அந்த ஒரு எண்ணிக்கை தெரிந்தால் எந்த ரயில் என்பது பாதி முடிவான மாதிரி.

பாதாமி கயிற்றுக்கான ஊர். சிவந்த மணற்பாறை, செங்குத்தான சுவர்கள், ஊருக்குள்ளிருந்து நடந்தே போய்விடலாம். கயிற்றை மாட்டப் பாறையிலேயே போல்ட் அடித்த பாதைகள் ஏராளம். எண் கூடக் கூடக் கடினமும் கூடும் பிரெஞ்சுத் தரவரிசையில் 5-இல் தொடங்கி, 8பி+ என்று பேர் வாங்கிய 'கணேசா' வரைக்கும் இருக்கின்றன. மணற்பாறை அடுக்கடுக்காகப் படிந்தது என்பதால் குறுக்குவாட்டில் விளிம்புகளும் பிளவுகளும் ஓடும். கீழிருந்து பார்க்கும்போது ஏறவே முடியாது என்று தோன்றும் சுவரில், ஏற ஏறக் கைக்குப் பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட உற்சாகம் தரும் பாறையைத் தென்னிந்தியாவில் நான் பார்த்ததில்லை.

சிக்கல் பாறையில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. ஆறு பேர் போகிறீர்கள், கயிறு ஒன்று, லீட், அதாவது முதல் ஆளாக ஏறத் தெரிந்தவர் ஒருவர், பெலே தெரிந்தவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் லீட் ஏறுகிறவர் போல்ட் போல்ட்டாகக் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே போய், உச்சியில் கயிற்றைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். அப்புறம் மற்றவர்கள் டாப் ரோப்பில், அதாவது மேலிருந்து தொங்கும் அந்தக் கயிற்றில், ஒவ்வொருவராக ஏற வேண்டும். ஒருவர் ஏறும்போது ஒருவர் கயிறு பிடிக்கிறார், நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மதியத்துக்குள் அந்த நான்கு பேரும் குகைக்கோயில் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கயிறு பிடிக்கிறவர் மாலை வரை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியோடு திரும்புவார். அதே ஆறு பேரில் நான்கு பேருக்குப் பெலே தெரிந்து, இரண்டு கயிறும் இருந்தால் கதையே வேறு. எந்நேரமும் இருவர் பாறையில் இருப்பார்கள், யாருக்கும் அலுக்காது.

பெலே பழகப் பாதாமிவரை போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கிலேயே ஏறும் சுவர் இருக்கிறது. உள்ளரங்கச் சுவர்களும் நகரில் பல வந்துவிட்டன. சில வாரங்கள் மாலையில் போய் ஒழுங்காகப் பழகினால், பயணத்தின் தரமே மாறிவிடும்.

ஹம்பியில் கயிறே தேவையில்லை. அங்கே முக்கியம் போல்டரிங், அதாவது உருண்டுகிடக்கும் பெரும் கிரானைட் பாறைகளில் கீழே மெத்தை போட்டுக்கொண்டு குறைந்த உயரத்துக்கு ஏறுவது. அமெரிக்கர் கிறிஸ் ஷர்மா நண்பர்களோடு வந்து ஏறியது 2003-இல் படமாக வெளிவந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து பாறையேறுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். ஷூ, கை வழுக்காமல் பூசிக்கொள்ளும் சாக்குத்தூள் (சாக்பீஸ் போன்ற வெள்ளைத் தூள்), கிராஷ் பேட் எனப்படும் மெத்தை, இவ்வளவுதான் சாமான். மெத்தை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரே பாறையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கலாம். ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் ஏறலாம். 'இடது காலை இன்னும் மேலே வையுடா' என்று எல்லோரும் சேர்ந்து கத்தலாம். நண்பர்களோடு போவதன் சந்தோஷம் ஹம்பியில்தான் முழுசாகக் கிடைக்கிறது, அதை மறுக்கவே முடியாது.

ஆனால் உயரம் குறைவு என்பதால் ஹம்பிதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. டாப் ரோப்பில் கை வழுக்கினால் கயிறு கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான், அங்கேயே தொங்குவீர்கள். போல்டரிங்கில் ஒவ்வொரு விழுகையும் தரைவரைக்கும் விழுகை. கணுக்கால் பிசகுவதும், கையை ஊன்றி மணிக்கட்டு போவதும் இதில்தான். அதனால் ஹம்பி போகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, மெத்தைகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போடுவது. இரண்டு மெத்தைக்கு நடுவில் இருக்கும் நான்கு விரல் சந்துதான் காலை முறிக்கும். மேலே ஒரு மெல்லிய மெத்தையைக் குறுக்காகப் போட்டு அந்தச் சந்தை மூடிவிடலாம். இரண்டாவது, கீழே நின்று காப்பவர், அதாவது ஸ்பாட்டர். ஏறுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இடுப்பையும் முதுகையும் பார்க்க வேண்டும். இரு கைகளையும் உயர்த்தி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், விரித்து வைத்தால் அந்த விரல்தான் பிசகும். விழுகிறவரைத் தாங்கிப் பிடிப்பது வேலை இல்லை. தலை தரையில் மோதாதபடி மெத்தைப் பக்கம் திருப்பிவிடுவதுதான் வேலை. இதைக் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதைச் செய்யாமல் நேராகப் பாறைக்குப் போகும் கூட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கயிற்றுக்கும் இதே கறார் வேண்டும். தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் ஏறுகிறவரும் பெலேக்காரரும் ஒருவரையொருவர் தொட்டுச் சரிபார்க்க வேண்டும்: எட்டு வடிவ முடிச்சு, இடுப்பில் கட்டும் ஹார்னெஸின் பக்கிள், காரபைனர் எனப்படும் கொக்கியின் பூட்டு, கயிற்றின் மறுமுனையில் ஒரு தடுப்பு முடிச்சு. கடைசியில் சொன்ன முடிச்சு இல்லாவிட்டால், கயிறு நீளம் போதாத பாதையில் இறக்கும்போது முனை பெலே கருவியை விட்டு உருவிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, பாதாமிச் சுவரில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கூட்டங்கள் ஏறும். வெறுமனே 'டேக்' என்று கத்தினால் யார் கயிற்றை யார் இறுக்குவது என்று குழம்பிவிடும், பெயரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

விரல் தோலுக்கு வருவோம். ஹம்பி கிரானைட்டின் பரல்கள் முதல் நாள் மாலைக்குள் விரல்நுனித் தோலைத் தேய்த்து ரோஸ் நிறமாக்கிவிடும். ஞாயிறு காலையில் சூடான டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. இரண்டே நாள் பயணத்தில் இது பெரிய கணக்கு. சனிக்கிழமை காலையிலேயே முழு வேகத்தில் இறங்கினால் ஞாயிறு வேடிக்கை பார்ப்பதுதான். பாதாமி மணற்பாறை தோலுக்கு இதமானது, களைப்பெல்லாம் முன்கையில்தான் தெரியும். இரண்டு நாளும் முழுசாக ஏற வேண்டும் என்கிறவருக்குப் பாதாமிதான் லாபம்.

வெயிலிலும் பாதாமிக்கு ஒரு மதிப்பெண் கூட. சுவரின் திசையைப் பார்த்துக் காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் என்று நிழலைத் துரத்திக்கொண்டே ஏறலாம். ஹம்பியில் டிசம்பரிலும் பத்து மணிக்குமேல் பாறை சுடும், ஷூ வழுக்கும். விடிகாலையும் மாலை நான்குக்குப் பிறகும்தான் ஏற முடியும். இரண்டு ஊருக்குமே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். மழைக்குப் பிறகு மட்டும் பாதாமியை ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். ஈரமான மணற்பாறை வலுவிழக்கும், பிடி கையோடு பெயர்ந்து வரும். கிரானைட் அப்படியில்லை, மேலே காய்ந்தால் ஏறலாம்.

தங்குவதற்கு ஹம்பியில் இப்போது ஆனெகுந்தி, சாணாப்பூர் பக்கம் போகிறார்கள். முன்பு எல்லோரும் தங்கிய விருபாபுர கட்டேயின் விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020-இல் இடிக்கப்பட்டுவிட்டன. பழைய பதிவுகளை நம்பி அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். பாதாமியில் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் ஐந்து கிலோமீட்டர்தான், ஷேர் ஆட்டோவில் ஏறி ஊருக்குள் ஏதாவது லாட்ஜில் பையைப் போட்டுவிடலாம். சாப்பாட்டை மட்டும் வெளியில் காட்டாதீர்கள், குரங்குகள் பையோடு தூக்கிக்கொண்டு போகும்.

இரண்டுமே தொல்லியல் இடங்கள் என்பதை மறக்கவே கூடாது. ஹம்பி 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாதாமி சாளுக்கியர் தலைநகரான வாதாபி. 642-இல் அதை வென்ற பல்லவன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றைக்கும் அங்கே ஒரு பாறையில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் அவன் பெயர் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த எழுத்துகளுக்கு முன்னால் நிற்பது தனி அனுபவம். சின்னங்கள் உள்ள பாறையில் கை வைக்காதீர்கள், எங்கே ஏறலாம் என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறி முடித்ததும் பிடிகளில் படிந்த சாக்குத்தூளைத் தூரிகையால் துடைத்துவிட்டு வாருங்கள்.

ரயில் கிடைக்கவில்லை, ஒரு நாள்தான் லீவு என்றால் ராமநகர் இருக்கிறது, 50 கிலோமீட்டர்தான். 'ஷோலே' எடுத்த பாறைகள். அங்குள்ள ராமதேவர பெட்டா 2012 முதல் பாறு கழுகுகளின் சரணாலயம், அந்தப் பக்கம் ஏறப் போகாதீர்கள். சாவன்துர்கா நண்பர் கூட்டத்துக்கான இடமே இல்லை. 1,226 மீட்டர் உயரமுள்ள அந்த ஒற்றைக்கல் மலையில் பாதைகள் நீளமானவை, போல்ட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், கைப்பிடியே இல்லாமல் பாத உராய்வை நம்பி ஏற வேண்டும். நன்றாகப் பழகிய இருவர் விடிகாலையில் தொடங்கி ஏற வேண்டிய மலை அது. பாறைகளில் மலைத்தேனீக் கூடு பார்த்தால், எந்த ஊரானாலும் சத்தம் போடாமல் அந்தப் பக்கத்தை விட்டு விலகிவிடுங்கள்.

என் முடிவு இதுதான். நான்கு பேர்வரை, அதில் பாதிப் பேருக்காவது பெலே நன்றாகத் தெரியும் என்றால் பாதாமி. முதல் முறை ஏறுகிற தம்பியோ தங்கையோ கூட வந்தாலும் அந்தக் கூட்டத்தில் பத்திரமாக டாப் ரோப்பில் ஏறிவிடுவார்கள். ஆறு பேருக்குமேல், பாதிப் பேர் புதியவர்கள் என்றால் ஹம்பி, மெத்தைகளைத் தாராளமாக எடுங்கள். பெரிய கூட்டமாகவும் இருக்க வேண்டும், பாதாமியும் வேண்டும் என்றால் உள்ளூர் பயிற்றுநரை ஏற்பாடு செய்துகொண்டு, மூன்று நாள் விடுமுறை வரும் வாரத்தில் போங்கள்.

டிக்கெட் விஷயத்தில் திரும்பும் பயணத்தை முதலில் பாருங்கள். ஞாயிறு இரவு பெங்களூர் ரயில்கள் இரண்டு ஊரிலுமே நிரம்பி வழியும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, எனவே பொங்கல் வார இறுதிக்கு நவம்பரிலேயே உட்கார வேண்டும். படுக்கை உறுதியாகவில்லை என்றால் ஞாயிறு மதியத்தோடு ஏறுவதை நிறுத்திவிட்டுப் பகல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள்.