கனவு இல்லமா, பிரதமர் வீடா?

பாலக்கோடு பக்கம் ஊராட்சி ஆபிஸ் வாசலில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது: "எதுலண்ணா பேர் குடுக்கிறது?"

வீடு கட்டப் பணம் தரும் இரண்டு அரசுத் திட்டங்களில், தொகையை மட்டும் பார்த்தால் கலைஞரின் கனவு இல்லம்தான். 2024-25இல் மாநில அரசு தொடங்கியது. நூறு நாள் வேலைக் கூலி, கழிப்பறைப் பணம் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். அளவு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம். 2016இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் அடிப்படைத் தொகை ரூ.1.20 லட்சம்தான், மத்திய, மாநிலப் பங்கு 60:40. குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். இந்தக் காசில் சுவர் எழும்பும், தளம் எழும்பாது. அதனால்தான் தளத்துக்கென்று மாநில அரசு மேலே தனியாகப் பணம் போடுகிறது.

அதற்காகப் பிரதமர் வீட்டுப் பட்டியலில் ஏற்கெனவே பேர் உள்ளவர் அதை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பேன். கையில் வந்ததை உதறிவிட்டால் திரும்பப் பட்டியலில் ஏறுவது லேசில்லை.

இரண்டிலும் பணம் மொத்தமாக வராது. வேலை ஏற ஏறத்தான் தவணை. பேஸ்மட்டத்துக்கும் லிண்டலுக்கும் நடுவில் எம்.சாண்ட், ஜல்லி, கொத்தனார் கூலி எல்லாம் நம் கைக்காசு, இல்லை கந்துவட்டி. வீட்டு ஆம்பளை பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தால் தவணைக்காகப் போட்டோ எடுக்க வருபவருக்குப் பதில் சொல்வதும் வீட்டுப் பெண்தான்.

உண்மையான முட்டுக்கட்டை பட்டா. தாத்தா பேரில் கூட்டுப் பட்டா கிடக்கும்; நான்கு பங்காளியில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். புறம்போக்கில் குடிசை போட்டவருக்குக் கனவு இல்லம் கிடையவே கிடையாது. குடிசையில்லாத் தமிழகம் என்று பேசும் திட்டம் மண் சொந்தமில்லாத குடிசையைத் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது.

குடிசையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் துண்டு விரித்துப் படுப்பவருக்கு என்ன இருக்கிறது? மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வந்த இரவுக் காப்பகம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது அந்த இயக்கம் வைத்த கணக்கு. மழைக்கு ஒதுங்கலாம், குடும்பம் நடத்த முடியாது.

ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் வீட்டு மனு எழுதச் சொல்லி வந்தார். தாசில்தாருக்கு வீட்டுமனைப் பட்டா மனுதான் எழுதிக் கொடுத்தேன். "வீடுன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே தம்பி" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.